தேயாத விளக்குகளும் திசைமாறும் பார்ப்புகளும்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு நிலவின் மீதுள்ள பற்று ஊரறிந்தது. அதைக் கேலி செய்வதும் இலக்கியக் கூட்டங்களில் ஒரு மரபாகிவிட்டது. நிலவைப் பற்றிச் சொல்ல இனி ஒன்றுமில்லை, அதை விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் என்று யாராவது ஒருவர் மேடையில் சொல்ல, அனைவரும் சிரிப்போம். அதில் நியாயமும் இருக்கிறது. நகரத்தில் வாழும் நமக்கு நிலவு ஒரு பழைய உவமையாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ இன்று வளர்பிறையா தேய்பிறையா என்பதை வானத்தைப் பார்த்து அறிபவர் மிகக் குறைவு. நாட்காட்டியைப் பார்த்துத்தான் அமாவாசை என்று தெரிந்துகொள்கிறோம். குளக்கரையில் தர்ப்பணத்துக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்து அதை உறுதி செய்துகொள்கிறோம்.

ஆனால் இதே நகரத்தின் கிழக்கு விளிம்பில், நிலவு இருக்கிறதா இல்லையா என்பது இன்றும் உயிர் சார்ந்த கேள்வியாகவே இருக்கிறது. பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரையிலான மணலில் ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை முட்டையிட வரும் கடலாமைகளைப் பற்றிச் சொல்கிறேன். நாம் கரையோரத்தில் ஏற்றிவைத்திருக்கும் விளக்குகள் அவற்றின் குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் நடக்க வைக்கின்றன. செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் இதைப் படிக்கிறோம். ஓர் உயிரினத்தின் துயரம் என்று பரிதாபப்பட்டுக் கடந்துவிடுகிறோம். இது இரவைப் பற்றிய நம் புரிதலில் நேர்ந்துவிட்ட ஒரு பிழையின் விளைவு என்று நான் கருதுகிறேன். அந்தப் பிழையை உணர்த்தும் சான்றுகள் நம் இலக்கியத்திலேயே இருக்கின்றன என்பதால்தான் இங்கே எழுதத் துணிகிறேன்.

அகநானூற்றின் 160ஆம் பாடல் குமிழிஞாழலார் நப்பசலையார் பாடியது. நெய்தல் திணை. நிறைசூல் கொண்ட ஆமை கடற்கரை மணலில் முட்டைகளை மறைத்துப் புதைத்துவிட்டுச் செல்வதையும், குஞ்சுகள் வெளிவரும் வரை அதன் துணையாகிய ஆண் ஆமை அவற்றைக் காத்திருப்பதையும் அப்பாடல் சொல்கிறது. முட்டையின் உருண்டை வடிவம், அதன் புலால் நாற்றம், மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடும்பங்கொடி என எல்லாமே நேரில் கண்டவர் தந்த விவரங்கள். இப்பாடலை வகுப்பில் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டார்: "ஐயா, ஆண் ஆமை உண்மையிலேயே காவல் இருக்குமா?" இருக்காது. ஆண் ஆமை குஞ்சாகக் கடலில் இறங்கியபின் பொதுவாகக் கரைக்குத் திரும்புவதே இல்லை. பெண் ஆமையும் நூறு, நூற்றிருபது முட்டைகளை இட்டு, மணலை மூடி, அதே இரவில் கடலுக்குத் திரும்பிவிடும். அந்த முட்டைகளுக்குக் காவலென்று யாரும் இல்லை. கூடு தனித்துக் கிடப்பதைக் கண்ட புலவர் மனம் பொறுக்காமல் ஒரு கணவனை அங்கே நிறுத்தி வைத்தார் போலும்.

சென்னைக் கரைக்கு வருவது பெரும்பாலும் ஆலிவ் ரிட்லி எனப்படும் சிற்றாமை. பங்குனியை ஒட்டிய மாதங்களில் வருவதால் மீனவர் வழக்கில் அதற்குப் பங்குனி ஆமை என்று பெயர். முட்டையிட்டு நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து நாட்களில் குஞ்சுகள் பொரிந்து, மணலின் மேற்பரப்பு குளிர்ந்தபின், பெரும்பாலும் இரவிலேயே கூட்டமாக வெளிவருகின்றன. கடல் எந்தப் பக்கம் என்று காட்டித்தர அங்கே தாய் இல்லை. அவற்றிடம் இருப்பது ஒரே ஓர் அறிவுதான்: அடிவானத்தை ஒட்டி எந்தத் திசை வெளிச்சமாகவும் தாழ்வாகவும் தெரிகிறதோ அதை நோக்கிச் செல், இருண்டும் உயர்ந்தும் நிற்பதை விட்டு விலகு. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த அறிவு பிழைபட்டதில்லை. கரையில் மணல்மேடும் மரங்களும் இருண்டு நின்றன. கடலோ விண்மீன்களின் ஒளியையும் நிலவின் ஒளியையும் வாங்கித் திறந்த வெளியாகக் கிடந்தது. புலவர் தேடிய காவலன் உண்மையில் அந்த இருள்தான். கரையின் இருள் இருந்தவரைக்கும் பார்ப்புகளுக்குக் கடல் தெரிந்தது.

இன்று பெசன்ட் நகர்க் கரையில் நின்று பாருங்கள். கிழக்கே கடல் கருமையாக இருக்கிறது. மேற்கே சாலை விளக்குகள், உணவகங்களின் பெயர்ப்பலகைகள், அடுக்ககங்களின் மொட்டைமாடி விளக்குகள், ஹைமாஸ் விளக்கு என்று வழக்கில் சொல்லப்படும் உயர்கோபுர மின்விளக்குகள். இவற்றுக்கும் பின்னே, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடைவீதிகளின் ஒளியெல்லாம் சேர்ந்து வானத்தில் ஏறி நிற்கும் மங்கலான வெளிறல். திசைகள் இரண்டும் இடம் மாறிவிட்டன. பொரிந்து வெளிவரும் குஞ்சு தன் முன்னோர் சொன்னதைத் துளியும் மீறாமல், வெளிச்சமான திசையை நோக்கிச் சாலைக்குப் போகிறது. அங்கே நாய்கள், காகங்கள், வண்டிச் சக்கரங்கள், விடிந்தபின் வெயில். ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து முதிரும் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஓர் உயிருக்கு, கடலைத் தொடும் முன்பே இந்த இழப்பு.

சென்னையில் இதை முதலில் உணர்ந்தவர்கள் மிக எளிய வழி ஒன்றைக் கண்டார்கள். 1970களின் தொடக்கத்தில், ராமுலஸ் விட்டேக்கரின் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த சிலர் இக்கரையில் இரவு நடை தொடங்கினர். இந்தியாவின் கடலாமைக் கரைகளையெல்லாம் பின்னாளில் தன்னந்தனியாக நடந்தே அளந்த சதீஷ் பாஸ்கர் அவர்களில் ஒருவர். அடையாறுக்கு அருகே உள்ள ஐ.ஐ.டி.யில் படிக்க வந்து, ஆமைகளின் பின்னே போனவர். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு அப்பணியைத் தொடர்கிறது. பருவம் முழுவதும் ஒவ்வோர் இரவும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் மணலில் நடந்து, ஆமை வந்துபோன தடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பக்குவமாக எடுத்து, வேலியிட்ட பொரிப்பிடத்தில் மீண்டும் புதைத்து வைக்கிறார்கள். பொரிந்ததும் குஞ்சுகளைக் கடலருகே கொண்டுவிடுகிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. நான்கு தலைமுறை மாணவர்களாவது இந்த மணலில் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறார்கள். நப்பசலையார் கற்பனை செய்த காவலுக்கு இந்நகரத்துப் பிள்ளைகள் உருவம் கொடுத்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் இந்த ஏற்பாட்டைச் சற்று விலகி நின்று பார்க்க வேண்டும். நாய்களும் முட்டை திருடுவோரும் ஒரு காரணம். நகரத்து வெளிச்சமும் ஒரு முக்கியக் காரணம். கரையில் விளக்குகள் இருக்கின்றன என்பதால் நாம் முட்டைகளை இடம் மாற்றினோம். விளக்குகளை இடம் மாற்ற வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. தற்காலிக உதவியாகத் தொடங்கிய ஒன்று அரை நூற்றாண்டாக நீடிக்கிறது. தன்னார்வலர்களின் கால்கள் ஓய்ந்துவிட்டால் இக்கரையில் பொரியும் குஞ்சுகளில் எத்தனை கடலை அடையும் என்று கேட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும்.

இங்கேதான் நிலவு வருகிறது. செயற்கை ஒளி குஞ்சுகளைக் குழப்புகிறது என்றால் முழுநிலவும் குழப்பத்தானே வேண்டும்? இந்தக் கேள்வி பலருக்கும் எழும். நிகழ்வது நேர்மாறானது. அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் பெருந்தலை ஆமைகளின் குஞ்சுகளைச் சாலை விளக்குகள் திசைதிருப்புவதை மெக்ஃபார்லேன் என்பவர் 1963இலேயே பதிவு செய்தார். அதே மாநிலத்தில் சால்மன், விதரிங்டன் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, நிலவொளி உள்ள இரவுகளில் இத்தகைய திசைமாற்றம் குறைகிறது என்று காட்டியது. நிலவு உயரத்தில் இருப்பது. குஞ்சு பார்ப்பதோ அடிவானத்தை ஒட்டிய தாழ்ந்த பட்டையை. மேலும் நிலவின் ஒளி கடல், மணல், வானம் எல்லாவற்றின் மீதும் பரவிக் கிடப்பது. ஒரு புள்ளியிலிருந்து சுட்டெரிக்கும் மின்விளக்கின் வேறுபாட்டை அது தணித்துவிடுகிறது. ஆக, குஞ்சுகளுக்கு ஆபத்தானவை அமாவாசையை ஒட்டிய இரவுகளே. நிலவு இல்லாதபோதுதான் நம் விளக்குகள் முழு அதிகாரம் பெறுகின்றன.

இந்த உண்மை ஆமைகளோடு நின்றுவிடவில்லை. தொல்காப்பிய மரபியல், பறப்பனவற்றின் இளமைக்கும் தவழ்வனவற்றின் இளமைக்கும் பார்ப்பு, பிள்ளை என்ற அதே பெயர்களை வழங்குகிறது. பறவைக்குஞ்சும் ஆமைக்குஞ்சும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்குபவை. இவ்விரண்டுக்கும் நேரும் கேடும் ஒன்றாகவே இருப்பது வியப்பளிக்கிறது.

ஷியர்வாட்டர், பெட்ரல் எனப்படும் கடற்பறவைகள் வாழ்நாளின் பெரும்பகுதியைத் திறந்த கடலில் கழிப்பவை. முட்டையிட மட்டும் தீவுகளுக்கு வந்து, பெரும்பாலும் மண்ணில் வளை தோண்டிக் கூடு வைக்கும். குஞ்சுகள் வளர்ந்ததும் ஓர் இரவில் தனியாக வெளியேறி, முதன்முறையாகக் கடலை நோக்கிப் பறக்கும். அந்த முதல் பயணத்தில் ஊர் விளக்குகள் அவற்றை ஈர்த்துக்கொள்கின்றன. விளக்கைச் சுற்றிச் சுற்றிக் களைத்து, கம்பிகளிலும் சுவர்களிலும் மோதித் தரையில் விழுகின்றன. தரையிலிருந்து மீண்டும் எழுந்து பறக்கப் பெரும்பாலானவற்றால் முடிவதில்லை. ஹவாயின் கவாய் தீவில் இப்படி விழும் பறவைகளை மக்கள் எடுத்து ஒப்படைக்கும் திட்டம் 1979 முதல் நடைபெறுகிறது. அங்கும் முழுநிலவை ஒட்டிய இரவுகளில் விழுபவை குறைவு, இருண்ட இரவுகளில் மிகுதி என்று கணக்குகள் காட்டின. அத்தீவின் நியூவெல் ஷியர்வாட்டர் 1993க்கும் 2013க்கும் இடையே ஏறக்குறைய 94 விழுக்காடு குறைந்துவிட்டது. மின்கம்பிகளும் பூனை, எலிகளும் விளக்குகளும் அதற்குச் சேர்ந்து பொறுப்பு.

இப்பறவைகளில் வளர்ந்தவை நிலவோடு கொண்டுள்ள உறவு வேறு வகையானது. கூட்டுக்குத் திரும்பும் பல இனங்கள் நிலவு காயும் இரவுகளில் கரைக்கு வருவதைத் தவிர்க்கின்றன, அல்லது நிலவு மறையும் வரை கடலிலேயே காத்திருக்கின்றன. தரையில் தடுமாறி நடக்கும் இவற்றை வெளிச்சத்தில் பெரிய கடற்காகங்கள் எளிதாகப் பிடித்துவிடும். குறுந்தொகை படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நெடுவெண்ணிலவினார் என்றே பெயர் பெற்றுவிட்ட புலவரின் 47ஆம் பாடலில், இரவில் காட்டு வழியே மறைவாக வரும் தலைவனுக்கு நிலவு இடையூறாக இருப்பதைத் தோழி அந்த நிலவிடமே முறையிடுகிறாள். இரவுக்குறி என்ற அகத்துறை முழுவதும் இருளை நம்பி நிற்பது. காதலர் கூடுவதற்கும் இருள் வேண்டும். நிலவு வந்தால் காத்திருக்க வேண்டும். ஆனால் நிலவு தேயும் என்பது தோழிக்குத் தெரியும். அந்த முறையீட்டில் ஒரு நம்பிக்கை மறைந்திருக்கிறது: இன்று இல்லாவிட்டாலும் பத்து நாள் கழித்து இருள் வரும்.

என் வாதம் இதுதான். உயிர்கள் ஒளிக்குப் பகையாகவோ இருளுக்கு அடிமையாகவோ வாழவில்லை. ஒளியும் இருளும் முறைவைத்து மாறும் ஓர் ஒழுங்கில் வாழ்கின்றன. அந்த ஒழுங்கில் வேட்டைக்கும் ஒரு காலம் உண்டு, மறைவுக்கும் ஒரு காலம் உண்டு. நாம் ஏற்றிய விளக்குக்கு வளர்பிறை மட்டுமே தெரியும், தேய்பிறை தெரியாது. யாமம், வைகறை என்று இரவையே பகுத்துப் பெயரிட்டு ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு திணையைக் கொடுத்த மொழியில் நாம் எழுதுகிறோம். இன்று நம் எழுத்தில் இருள் என்றால் அறியாமை, ஒளி என்றால் அறிவு, அவ்வளவோடு முடிந்துவிட்டது. இந்த எளிய சமன்பாடு நம் கவிதையைக் கெடுத்ததைவிட நம் கடற்கரையைக் கெடுத்தது அதிகம்.

இதற்கு நம் மரபிலிருந்தே மறுப்புச் சொல்லலாம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் புகார்க் கடற்கரை முழுவதும் விளக்குகள்தானே? சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, பிட்டு விற்போர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, கலங்கரை விளக்கம், மீன்பிடி படகுகளின் விளக்கு என்று இளங்கோ அடுக்கிக்கொண்டே போகிறார். நுண்மணலில் விழுந்த வெண்சிறுகடுகும் தெரியும் அளவுக்கு அங்கே வெளிச்சம். உண்மைதான். அவை எண்ணெய் விளக்குகள். மஞ்சளும் செம்மையும் கலந்த தாழ்ந்த சுடர்கள். வணிகம் முடிந்தால் அணைந்துவிடுபவை. எண்ணெய்க்கு விலை உண்டு. மேலும் அது ஒரு விழாக்காலத்து இரவு. நம் ஊரில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மஞ்சள் நிறச் சோடியம் விளக்குகளின் இடத்தை வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் பிடித்தன. மின்சாரம் மிச்சமாகிறது, நல்லதுதான். ஆனால் வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் நீலக்கூறு அதிகம். ஆமைக்குஞ்சின் கண்ணை மிகுதியாக இழுப்பதும் அந்த நீலப்பகுதியே. செலவு குறைந்ததால் விளக்குகளின் எண்ணிக்கையும் ஏறிவிட்டது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கடற்கரையை இருட்டாக்கினால் பெண்கள் நடமாட முடியுமா? ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் நொச்சிக்குப்பத்திலும் விடியலுக்கு முன்பே வலையோடு புறப்படும் மக்கள் என்ன செய்வார்கள்? ஆமைக்காக மனிதர்களை இருளில் தள்ளுவது அறமா? இதை அலட்சியமாக ஒதுக்கக்கூடாது. குப்பத்துச் சந்தில் எரியும் ஒற்றை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, எதிரே உணவகத்தின் பெயர்ப்பலகையை விடிய விடிய எரியவிடுவது சூழலியல் ஆகாது. அது வசதி படைத்தவர்களின் ரசனை மட்டுமே. முதலில் அணைய வேண்டியவை விளம்பர விளக்குகளும் அலங்கார விளக்குகளும் யாரும் இல்லாத மொட்டைமாடி விளக்குகளும் நள்ளிரவுக்குப்பின் வெறும் மணலை ஒளியூட்டும் உயர்கோபுர விளக்குகளும்தான். மனிதர் நடக்கும் பாதைக்கு விளக்கு வேண்டும். அந்த விளக்கு பாதையை மட்டும் காட்டினால் போதும்; கடலைக் காட்ட வேண்டியதில்லை.

இது இயலாத காரியமும் அல்ல. விளக்கைத் தாழ்வாக வைப்பது, ஒளி கீழ்நோக்கி மட்டும் விழுமாறு மேலும் பக்கங்களிலும் மூடியிடுவது, வெள்ளைக்குப் பதில் செம்மஞ்சள் நிறத்தைப் பயன்படுத்துவது, தேவையில்லாத நேரத்தில் அணைப்பது: இவ்வளவுதான். கவாய் தீவில் ஒரு விடுதியின் விளக்குகளுக்கு மேல்மூடி இட்டதுமே விளக்கால் ஈர்க்கப்பட்ட பறவைகள் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு குறைந்ததை 1985இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே தீவில் 2010இல், பறவைக்குஞ்சுகள் வெளியேறும் பருவம் என்பதால் பள்ளி அணிகளின் இரவுநேரக் கால்பந்து ஆட்டங்கள் பகலுக்கு மாற்றப்பட்டன. ஊர் முணுமுணுத்தது, ஆயினும் ஆட்டம் பகலில் நடந்தது. நம்மவர் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்று குடியேறிய ரீயூனியன் தீவில், அங்கு மட்டுமே கூடு வைக்கும் பாரோ பெட்ரல் பறவைக்காக ஆண்டுதோறும் சில இரவுகள் ஊர்களில் விளக்கணைக்கிறார்கள். பெட்ரலுக்காக அந்தத் தமிழ் வம்சாவளியினரின் தெருக்களும் இருட்டாகின்றன.

நம் நாடும் இதை அறியாததல்ல. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் காந்திநகரில் கூடிய வலசை உயிரினங்கள் பற்றிய உலக உடன்படிக்கை மாநாடு, கடலாமைகள், கடற்பறவைகள், வலசை வரும் கரைப்பறவைகள் ஆகியவற்றுக்கான ஒளி மாசு வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. விருந்தோம்பிய நாடு நாம்தான். சென்னையிலும் பருவந்தோறும் கடற்கரை விளக்குகளை இரவில் அணைக்கும் கோரிக்கை எழுகிறது. சில ஆண்டுகளில் சில இடங்களில் அணைத்தும் இருக்கிறார்கள். ஆனால் அது ஆண்டுக்காண்டு மனுக்கொடுத்துப் பெறும் சலுகையாகவே இருக்கிறது. வழக்கமாக மாறவில்லை.

ஆமைகளைக் கொல்வது விளக்கு மட்டும்தானா என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிய வளர்ந்த ஆமைகள் இழுவலைகளில் சிக்கி மூச்சுத் திணறி இறந்தவை என்றே கருதப்பட்டது. அதற்கான தீர்வு கடலில், வலைகளில், சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் இருக்கிறது; அதற்குப் பலருடைய வாழ்வாதாரத்தோடு பேச வேண்டியிருக்கிறது. விளக்கின் விஷயம் அப்படிப்பட்டதல்ல. நெகிழியும் வேதிக் கழிவும் அகற்ற அகற்ற மிச்சமிருக்கும். ஒளி ஒன்றுதான் விசையைத் தட்டிய கணத்தில் எச்சமின்றி நீங்கும் மாசு. அதையும் செய்ய இயலாத நகரம் மற்றவற்றைச் செய்யும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

இலக்கிய வாசகர்களிடம் இதை ஏன் சொல்ல வேண்டும்? அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கடலைப் பார்த்த வீடுகளில் வாழ்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டங்களுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில், தை மாதம் தொடங்கிச் சித்திரை வரை இரவு பதினொன்றுக்குப்பின் மாடி விளக்குகளை அணைப்போம், கடல் பார்த்த விளக்குகளுக்கு மூடியிடுவோம் என்று ஒரு தீர்மானம் முன்மொழியலாம். மாநகராட்சிக்கு எழுதுகிறவர்கள், தேய்பிறையின் கடைசி வாரத்தையும் வளர்பிறையின் முதல் வாரத்தையும் குறிப்பிட்டு எழுதலாம். அந்தப் பதினைந்து இரவுகளே மிகவும் முக்கியமானவை. அதற்கு வானத்தைப் பார்த்துத் திதி சொல்லும் பழக்கம் நமக்குத் திரும்ப வேண்டியிருக்கும். நிலவைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அதில் சிரமம் இருக்கக்கூடாது.